நான்காம் மாடிச் சுவரில் ஏழு கண்ணாடிகள்

போன பங்குனியில் பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பக்கத்தில் ஒரு மண்டபத்தில் படக் கண்காட்சி ஒன்று வைத்தார்கள். நான் இருபத்தெட்டு வருடம் போர்த்தியேரேயாக இருந்த நான்கு தொடர்மாடிகளின் படங்கள். போர்த்தியேரே என்றால் கட்டடத்தின் சாவிக்கும் தண்ணீருக்கும் விளக்குக்கும் குப்பைக்கும் பொறுப்பான ஆள். படங்கள் எல்லாம் கறுப்பு வெள்ளை. ஒரு படத்திலாவது மனிதர் இல்லை. கொடியில் ஒரு சட்டைகூடக் காயவில்லை. நாலு கட்டடத்திலும் சேர்த்து நான் காயும் துணி இல்லாமல் ஒரு நாளும் கண்டதில்லை, ஆட்கள் போன பிறகு போய் எடுத்திருக்கிறார்கள்.

கையில் வைன் கிளாசோடு நின்ற ஒரு கட்டடக் கலைஞர் என்னிடம் வந்தார். மூடி மெழுகாத வெறும் கொங்கிரீட் கட்டடங்கள் பற்றி நிறையச் சொன்னார். அழகு என்றார், துணிச்சல் என்றார். பிறகு, பாவம், அதில் மனிதர் வாழ முடியாது, வரைபடத்திலேயே அதன் தோல்வி இருந்தது, இடித்தது சரி என்றார். நீங்கள் எந்த மாடியில் இருந்தீர்கள் என்று கேட்டேன். அவர் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் கையிலிருந்த வைனை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அந்தச் சூட்டோடு இருக்கும்போதுதான் எங்கள் கத்தோலிக்கக் கோயில் பங்கு மலருக்குப் பொறுப்பான பிள்ளைகள் வந்தார்கள். மாமா, உங்கடை வேலை அனுபவத்தை ஒரு கட்டுரையாய் எழுதித் தாங்கோ, கொஞ்சம் சந்தோசமாய் எழுதுங்கோ என்றார்கள். எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். சந்தோசத்துக்கு நான் பொறுப்பில்லை என்றும் சொன்னேன்.

நான் மன்னாரிலிருந்து இத்தாலிக்கு வந்தவன். முதல் இரண்டு வருடம் வியா மக்வேதா என்ற தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்புறம் கோப்பை கழுவினேன். பிறகு ஒரு மேசனுக்குக் கையாளாகப் போனேன். கல் தூக்கவும், சாந்து குழைக்கவும், ஜெஸ்ஸோ என்கிற வெண்சாந்தைக் கை சுடுவதற்குள் பூசி முடிக்கவும் அவரிடம் பழகினேன். அவர் இளவயதில் இந்தத் தொடர்மாடிகளுக்குக் கொங்கிரீட் கொட்டியவர். நகரத்தின் வடக்கு ஓரத்தில், எலுமிச்சைத் தோட்டங்களை வெட்டிவிட்டு, ஒன்பது மாடியில் நாலு கட்டடம். ஒன்றிலிருந்து மற்றதுக்கு ஆகாயத்தில் கொங்கிரீட் நடைபாலங்கள். வரைபடத்தில் கடைகள் இருந்தன, பள்ளிக்கூடம் இருந்தது, பூங்கா இருந்தது. வந்து சேர்ந்தது சுவர் மட்டும். அவசரத்தில் கடல் மணலைக் கழுவாமலே கலந்தார்கள், உப்பு உள்ளே கம்பியைத் தின்னும், பார் என்று மேசன் சொல்வார். அவர் சொன்னதை நான் பிறகு சுவர் சுவராகப் பார்த்தேன்.

வீடுகளுக்குக் குழாய் பூட்டி முடியுமுன்பே வீடில்லாத சனம் கதவை உடைத்து உள்ளே வந்துவிட்டது. இடிந்து விழும் பழைய தெருக்களில் இருந்தவர்கள் அவர்கள். வேறு எங்கே போவார்கள்? அலுவலகம் அவர்களைத் துரத்தவும் இல்லை, ஏற்றுக்கொள்ளவும் இல்லை. கழிவுநீர்க் குழாய் பல வருடம் வெளியே புல்வெளியில் வாயைத் திறந்தபடி கிடந்தது. கடைசியில் அந்தக் குழாயைப் பெரிய கழிவுக் கானோடு பொருத்தப் போன கூலிகளில் நானும் ஒருவன். அங்கேதான் ஜியோமெத்ரா என்னைக் கண்டார்.

ஜியோமெத்ரா என்றால் கட்டடங்களை அளந்து மேற்பார்க்கும் உத்தியோகத்தர். வீடுகளுக்குப் பொறுப்பான அலுவலகத்திலிருந்து எங்கள் நாலு கட்டடத்துக்கும் அவர்தான் அதிகாரி. அவருடைய பெயரை நான் எழுத மாட்டேன். எழுதினால் என் மனைவி இந்தத் தாளைக் கிழித்துப்போடுவாள்.

நல்ல மனிதர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். குரல் உயராது. கதவை விரலால் தட்ட மாட்டார், பேனாவின் பின்பக்கத்தால் மூன்று தரம் தட்டுவார். எந்த வீட்டிலும் உட்கார மாட்டார், கோப்பி குடிக்க மாட்டார். கோடையிலும் கழுத்துப் பட்டி. என்னைப் போன்ற கறுப்பு ஆளை மற்றவர்கள் 'டேய்' என்ற தோரணையில் கூப்பிட்ட காலத்தில் அவர் மரியாதைப் பன்மையில் 'சிஞ்ஞோர் அந்தோனியோ' என்று கூப்பிட்டார். எனக்கு நிரந்தர வேலை தந்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். அந்த ஒப்பந்தத்தால்தான் எனக்குப் பெர்மெஸ்ஸோ, அதாவது இங்கே தங்குவதற்கான அனுமதி, கிடைத்தது. அந்த அனுமதியால்தான் மனைவியைக் கூப்பிட்டேன். இவ்வளவையும் நான் மறைக்கவில்லை. ஆனால் அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. நல்ல கட்டளை எல்லாம் கடிதத்தில் வரும், முத்திரையோடு. கெட்ட கட்டளை எல்லாம் படிக்கட்டில் வரும், வாய்மொழியாக. படிக்கட்டில் நின்று என் தோளில் கை வைத்து, "எனக்காக இல்லை, உங்கள் நன்மைக்காகச் சொல்கிறேன்" என்று தொடங்குவார். அது புரிய எனக்கு இருபத்தெட்டு வருடம் பிடித்தது. நான் அவ்வளவு மொக்கன்.

வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும், பிள்ளைகள் அதைத்தான் கேட்டார்கள். தண்ணீர் முறை வைத்து வரும், அதனால் மொட்டை மாடித் தாங்கிகளை நிரப்புவதே பாதி வேலை. மீதிப் பாதி வெடிப்புகள். கொங்கிரீட்டில் வெடிப்பு வந்தால் அது பழைய வெடிப்பா, இன்னும் நகர்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்குக் கண்ணாடி வைப்போம். வெடிப்பின் இரண்டு கரையையும் கம்பித் தூரிகையால் சுத்தமாக்கி, ஈரத் துணியால் ஒற்றி, இரண்டு பக்கமும் உள்ளங்கை அளவு ஜெஸ்ஸோ அப்பி, விரல் நீளமான மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றைக் குறுக்கே வைத்து அமத்த வேண்டும். ஜெஸ்ஸோ இறுகுமுன் ஆணியால் அதில் திகதி கீற வேண்டும். சுவர் ஒரு மயிரளவு அசைந்தாலும் கண்ணாடி உடையும். உடைந்தால் அதைத் தொடாமல் பக்கத்தில் புதியது வைக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருதரம் போய்ப் பார்த்துப் படிவத்தில் எழுதி, அந்த வீட்டுக்காரரின் கையெழுத்தும் வாங்க வேண்டும். படிவம் கார்பன் வைத்து இரண்டு பிரதி. வெள்ளைத் தாள் அலுவலகத்துக்கு, மஞ்சள் தாள் என்னிடம்.

மூன்றாம் கட்டடத்தில் நான்காம் மாடியில் ஜெசிந்தாவின் வீட்டு முன்னறையில் அப்படி ஒரு வெடிப்பு இருந்தது.

ஜெசிந்தா ஊர்காவற்றுறைப் பிள்ளை. பட்டணத்தில் ஒரு வயதான சிஞ்ஞோராவைப் பராமரிக்கும் வேலை. புருசன் ஞானம் ஒரு ஹோட்டல் குசினியில் வேலைக்கு நின்றான். ஒரு இத்தாலியக் குடும்பம் வடக்கே வேலை கிடைத்துப் போகும்போது, கதவுச் சாவியை இவர்கள் கையில் கொடுத்துவிட்டுப் போனது. அந்தக் கட்டடத்தில் பாதி வீடுகள் அப்படிக் கைமாறியவைதான். அப்போது மூத்தவள் கைக்குழந்தை. சின்னவள் இஞ்சை வந்த பிறகுதான் பிறந்தாள். வந்த முதல் வாரமே ஜெசிந்தா என்னிடம் வந்து, அண்ணை, எங்கடை ரெசிதென்சாவை இந்த வீட்டுக்கு மாத்தலாமோ என்று கேட்டாள். ரெசிதென்சா என்பது வதிவிடப் பதிவு. இந்த நாட்டில் ஒரு ஆள் எங்கே இருக்கிறார் என்பதை அவருடைய உடம்பு தீர்மானிப்பதில்லை, அந்தப் பதிவுதான் தீர்மானிக்கும்.

எங்கள் ஆட்களைத் தெரிந்தவர்களுக்கு நான் இதை விளக்கத் தேவையில்லை. இந்த நகரத்தில் எங்கள் ஆளுக்கு இரண்டு வீடு. படுக்கிற வீடு ஒன்று, பேப்பர் இருக்கிற வீடு ஒன்று. புதிதாக வருகிறவருக்கு முதல் வந்தவர் தன் விலாசத்தைக் கொடுப்பார். ஸ்தாசியோனே சென்ட்ராலே என்கிற பெரிய ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஞானத்தின் மச்சான் ஒருவரின் இரண்டு அறை வீட்டில் பதினாலு பேருடைய பதிவு இருந்தது. தபால் பெட்டியில் பெயர் ஒட்ட இடமில்லை. பேப்பர் ஒரு இடத்தில் அமைதியாக இருந்தால் அதை அசைக்கக் கூடாது, அசைத்தால் கெஸ்தூரா என்கிற பொலிஸ் அலுவலகத்தில் கேள்வி கேட்பார்கள் என்பது எங்கள் எல்லோருடைய பயம்.

அந்த வாரமே ஜியோமெத்ரா படிக்கட்டில் என் தோளில் கை வைத்தார். உங்கள் ஆட்கள் நல்லவர்கள், உழைப்பாளிகள், ஆனால் இந்த விலாசத்துக்குப் பதிவைக் கொண்டுவர வேண்டாமென்று சொல்லுங்கள், எனக்காக இல்லை, உங்கள் நன்மைக்காகச் சொல்கிறேன் என்றார். நான் காரணம் கேட்கவில்லை. இன்று எனக்குக் காரணம் தெரியும். பதிந்தவன் ஒரு நாள் வாடகைக்காரனாவான். வாடகைக்காரன் திருத்த வேலை கேட்பான். பதியாதவன் வாய் திறக்க மாட்டான்.

நான் ஜெசிந்தாவிடம் போய் என்னுடைய புத்திமதிபோலச் சொன்னேன். பதிவை ஆட்டாதையும் பிள்ளை, அது அங்கையே கிடக்கட்டும், நான் இருக்கிறன்தானே என்றேன். அண்ணை சொன்னால் சரி என்று போய்விட்டாள். அப்போது பதிந்திருக்கலாம். சில வருடங்களில் சட்டம் மாறி, அப்படி அனுமதியில்லாமல் பிடித்த வீட்டில் பதியவே முடியாது என்று அந்த வழியையும் அடைத்துவிட்டார்கள்.

பத்தொன்பது வருடம் அவர்கள் அங்கே இருந்தார்கள். நான் ஆறு மாதத்துக்கு ஒருதரம் போய் வெடிப்பைப் பார்த்தேன். ஏழு கண்ணாடி வைத்தேன், ஏழும் உடைந்தன. சுவருக்குச் சொந்தக்காரி நீர்தானே, நீரே எழுதும் என்று ஆணியை அவளிடம் கொடுப்பேன். திகதியும், கீழே 'ஜெ' என்று தமிழில் ஒரு எழுத்தும் கீறுவாள். வெள்ளைத் தாள்கள் ஒழுங்காக அலுவலகம் போயின. ஒரு தரமாவது ஒருவர் வந்து திருத்தியதில்லை. இடையில் ஞானத்துக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தது. கைத்தடியோடு நடந்தான். வேலை போனது. ஆனாலும் வீடு இருந்தது.

பிறகு ஒரு நாள் பத்திரிகையில் வந்தது, நாலு கட்டடமும் பாதுகாப்பில்லை, இடிக்கப் போகிறார்கள், பக்கத்தில் புதிய வீடுகள் கட்டித் தருவார்கள் என்று. பாதுகாப்பில்லை என்று கண்டுபிடித்தார்களாம்! நான் எத்தனை வெள்ளைத் தாள் அனுப்பியிருந்தேன்.

யாருக்குப் புதிய வீடு என்று தீர்மானிக்கக் கணக்கெடுப்பு நடந்தது. காலை ஆறு மணிக்குத் தொடங்குவார்கள். சாவிக்கொத்தோடு நான் முன்னால், அடுத்து ஜியோமெத்ரா, அடுத்து நகரசபையிலிருந்து கையில் டேப்லட்டோடு ஒரு பெண் அதிகாரி, கடைசியில் ஒரு நகரசபைப் பொலிஸ்காரர். அதிகாரியை எல்லோரும் மரியாதையாகத் தொத்தோரெஸ்ஸா என்பார்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரே ஒழுங்கு. அடையாள அட்டை. எத்தனை பேர், எப்போதிருந்து. கட்டில்களை எண்ணுவார். குளிர்பெட்டியைத் திறப்பார். குளியலறைக்குப் போய்ப் பல் துலக்கும் தூரிகைகளை எண்ணுவார். பிறகு டேப்லட்டில் பெயரைப் போட்டுப் பதிவைப் பார்ப்பார். பதிவு இருந்தால் கதவில் பச்சை ஒட்டி, புதிய வீடு உண்டு. இல்லையென்றால் வெள்ளை ஒட்டி, வெளியேற ஒரு திகதி மட்டும்.

நான் குடியிருந்த போர்த்தியேரே வீட்டுக் கதவில் பச்சை. வேலை ஒப்பந்தத்தோடு எனக்கு அந்த விலாசத்திலேயே பதிவு வந்திருந்தது.

ஜெசிந்தா வேலைக்கு லீவு போட்டு, வீட்டைக் கழுவி, தேத்தண்ணியும் பிஸ்கற்றும் வைத்திருந்தாள். நாலு கட்டில், நாலு தூரிகை. தொத்தோரெஸ்ஸா டேப்லட்டைப் பார்த்துவிட்டு, சிஞ்ஞோரா, நீங்கள் ஸ்தாசியோனேக்குப் பக்கத்தில் அல்லவா இருக்கிறீர்கள் என்று கேட்டார். இல்லை, இங்கேதான் என்று ஜெசிந்தா பில்களை எடுத்தாள். மின்சாரம் பழைய இத்தாலியக் குடும்பத்தின் பெயரில். பிள்ளைகளின் பள்ளிக்கூட அறிக்கை, வைத்தியரின் கடிதம், ஞானத்தின் ஆஸ்பத்திரித் துண்டு எல்லாம் ஸ்தாசியோனே விலாசத்தில். பத்தொன்பது வருட வாழ்க்கையை மேசையில் பரப்பி வைத்திருந்தாள், ஒன்றுகூட அவள் அங்கே இருந்ததாகச் சொல்லவில்லை.

தொத்தோரெஸ்ஸா, இவர்கள் பத்தொன்பது வருடமாக இங்கே இருக்கிறார்கள், எனக்குத் தெரியும் என்று நான் சொன்னேன். ஜியோமெத்ரா வெடிப்புக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, சிஞ்ஞோர் அந்தோனியோ இந்தக் கட்டடத்தில் எல்லோரிலும் அன்புள்ளவர் என்று சிரித்தார். அவ்வளவுதான். என் வார்த்தை அன்பாகிவிட்டது, சாட்சியம் ஆகவில்லை. பொலிஸ்காரர் கதவில் வெள்ளையை ஒட்டினார்.

அவர்கள் அடுத்த கதவுக்குப் போனதும் ஜெசிந்தா என்னைப் பிடித்தாள். "அண்ணை, எந்த நிறம் நல்லது?" என்று கேட்டாள். சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு அடுத்த கதவுக்குப் போய்விட்டேன்.

அன்று பின்னேரம்தான் மஞ்சள் தாள்கள் ஞாபகத்துக்கு வந்தன. ஒவ்வொன்றிலும் வீட்டிலக்கமும் திகதியும் அவளுடைய முழுக் கையெழுத்தும். இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்கினேன். அடுக்கி எடுத்துக்கொண்டு எங்கே போனேன் தெரியுமா? ஜியோமெத்ராவிடம். இருபத்தெட்டு வருடம் எந்தத் தாளையும் முதலில் அவரிடம் கொடுத்துப் பழகிய கால்கள் வேறு வழிக்குப் போகவில்லை. எனக்குப் பெர்மெஸ்ஸோ தந்த மனிதர், செய்வார் என்று நினைத்தேன். ஒரு போட்டோப் பிரதிகூட எடுக்கவில்லை. அவர் வாங்கி, மேசையில் தட்டி விளிம்பைச் சரிசெய்து, கோப்பில் போடுகிறேன் என்றார்.

இரண்டு வாரத்தில் படிக்கட்டில் கேட்டேன். "எந்தத் தாள், சிஞ்ஞோர் அந்தோனியோ?" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஜெசிந்தா அங்கே இருந்தாள் என்று காட்டும் அதே தாள்தான், சுவர் பத்தொன்பது வருடமாக நகர்கிறது என்று அலுவலகத்துக்குத் தெரிந்திருந்ததையும் காட்டும். அவளை ஏற்றுக்கொண்டால் தன்னைக் காட்டிக்கொடுக்க வேண்டும். அந்தத் தோளில் கை வைக்கிற மனிதனின் கழுத்துப் பட்டியைப் பிடித்து உலுப்ப வேண்டும் போல இருந்தது. செய்யவில்லை. வணக்கம் சொல்லிவிட்டுக் கீழே இறங்கினேன். அதை நினைத்தால் இன்றும் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

கோயில் மூலம் ஒரு இளம் வக்கீல் அம்மா கிடைத்தார். திகதி உள்ள எதுவானாலும் கொண்டு வாருங்கள் என்றார். வெள்ளைத் தாள்களும் அலுவலகத்தில் இல்லையென்றார்கள், திகதி உள்ள ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அது சுவரில் இருந்தது.

அவர்கள் சாமான் கட்டிக்கொண்டிருந்த நாளில் தட்டை உளியோடு போனேன். ஜெஸ்ஸோவை நனைத்து, சுற்றிவர மெல்லத் தட்டி, பின்னாலிருந்த பூச்சையும் சேர்த்து ஒரு விரல் தடிப்பில் பெயர்க்க வேண்டும். கை அவசரப்பட்டால் பொடியாகும். முதலாவது பொடியாகிவிட்டது. அவர்கள் வந்த வருடத்தினுடையது அது, மிக முக்கியமானது. ஞானம் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தான். மற்ற ஆறையும் முழுதாக எடுத்து, துவாயில் சுற்றி, அரிசிப் பைக்குள் வைத்தேன்.

அப்போதுதான் ஜெசிந்தா கேட்டாள். அண்ணை, நாங்கள் வந்த புதுசிலை பதிய வேண்டாமெண்டு ஏன் சொன்னனீங்கள் என்று. நான் உண்மையைச் சொன்னேன். ஜியோமெத்ரா சொல்லச் சொன்னார், நான் சொன்னேன் என்றேன். அவள் கையிலிருந்த கோப்பையைப் பேப்பரில் சுற்றி முடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். பிறகு குசினிக்குள் போனவள் நான் போகும்வரை வெளியே வரவில்லை.

மூன்றாம் கட்டடத்தைத்தான் முதலில் இடித்தார்கள். வெடி வைக்கவில்லை. நீண்ட கழுத்துள்ள யந்திரம் ஒன்று நுனியில் இரும்பு வாயோடு வந்து, முதலில் நடைபாலங்களைக் கடித்து எடுத்தது, பிறகு மேல் மாடியிலிருந்து கீழே வந்தது. இரண்டு பேர் தூசி எழும்பாமல் தண்ணீர் அடித்தார்கள். எங்கள் தாங்கிகளுக்கு வராத தண்ணீர் அன்று நாள் முழுக்க வந்தது. சனத்தைக் கயிற்றுக்கு அப்பால் நிறுத்துவது என் கடைசி மாத வேலை. கமராக்கள் முன்னால் பெரிய மனிதர்கள் கை தட்டினார்கள். எதற்குத் தட்டினார்கள்? கட்டியபோதும் தட்டியிருப்பார்கள். நான்காம் மாடியில் முன்னறையின் நீலச் சுவர் கொஞ்ச நேரம் தனியாக நின்றது. அதில் ஏழு குழிகள் தெரிந்தன. பிறகு அதுவும் போனது.

ஜெசிந்தாவும் ஞானமும் பிள்ளைகளும் பேப்பர் இருந்த வீட்டுக்கே போய்ச் சேர்ந்தார்கள். ஸ்தாசியோனேக்குப் பின்னால், நாலு மாடி, லிப்ட் இல்லை, மச்சானின் குடும்பத்தோடு இரண்டு அறையில். மூன்றாவது மாதம் ஞானம் அந்தப் படிக்கட்டில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அதோடு கைத்தடியும் போய்ச் சக்கர நாற்காலி வந்தது. நான் அப்போது ஓய்வு பெற்று, புதிய கட்டடத்தில் நிலமட்ட வீட்டில் இருந்தேன், பச்சை ஒட்டிய வீடு. வாங்கோ, எங்களோடை இருங்கோ என்று சொல்லி அனுப்பினேன். பதில் வரவில்லை.

மேன்முறையீட்டு விசாரணைக்கு ஒரு வருடத்துக்கு மேல் சென்றது. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர், நடுவில் அதே தொத்தோரெஸ்ஸா. ஜியோமெத்ரா வரவில்லை. தனக்கு எதுவும் ஞாபகமில்லை என்று முத்திரையோடு கடிதம் அனுப்பியிருந்தார். வக்கீல் அம்மா ஆறு ஜெஸ்ஸோத் துண்டுகளையும் மேசையில் வரிசையாக வைத்தார். தொத்தோரெஸ்ஸா ஒவ்வொன்றாகக் கையிலெடுத்துத் திகதியைப் படித்தார். 'ஜெ' எழுத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டு, ஜெசிந்தாவை ஒரு தாளில் எழுதிக் காட்டச் சொன்னார். அவள் எழுதினாள். ஒரே கை.

ஆனால் இருந்தது மட்டும் போதாது. இவ்வளவு காலமும் ஏன் பதியவில்லை என்பதுதான் முக்கியம். அலுவலக ஆள் தடுத்திருந்தால் பிழை அலுவலகத்தினுடையது. தாங்களாகவே விட்டிருந்தால் பிழை இவர்களுடையது. வக்கீல் அம்மா இதை ஜெசிந்தாவுக்கு மூன்று தரம் சொல்லிக் கொடுத்திருந்தார். போர்த்தியேரே சொன்னார் என்று நீங்கள் சொன்னால் போதும் என்று. அப்படிச் சொன்னால் என் வீட்டுக்கும் ஓய்வூதியத்துக்கும் வில்லங்கம் வரலாம் என்று எனக்கும் சொல்லியிருந்தார். வரட்டும் என்று நான் சொல்லியிருந்தேன்.

இங்கே பதிய வேண்டாமென்று உங்களுக்கு யார் சொன்னார்கள் என்று தொத்தோரெஸ்ஸா கேட்டார்.

ஜெசிந்தா என்னைப் பார்த்தாள். பிறகு மேசையைப் பார்த்து, ஒருவரும் சொல்லவில்லை, நாங்களே பயத்தில் விட்டுவிட்டோம் என்று இத்தாலியனில் சொன்னாள்.

வக்கீல் அம்மாவின் முகம் வெளிறிவிட்டது. அந்த மேசைக்காரர்களுக்கு இது விளங்காது, எங்கள் ஆட்களுக்கு விளங்கும். வெள்ளைக்காரனின் கந்தோரில் வைத்து எங்கள் ஆள் ஒருவரை எங்கள் ஆள் காட்டிக்கொடுக்க மாட்டார். கோயிலில் கதைக்கமாட்டார்கள், கலியாணத்துக்குச் சொல்லமாட்டார்கள், ஆனால் கந்தோரில் பெயர் சொல்லமாட்டார்கள். வீடு போனாலும் சொல்லமாட்டார்கள். என்ன மசிர் பண்பு இது என்று எனக்கு அந்த இடத்திலேயே கத்த வேண்டும் போல இருந்தது.

சாட்சி சொல்ல என் முறை இன்னும் வரவில்லை. எழும்பினேன். அவர் பொய் சொல்கிறார், தொத்தோரெஸ்ஸா, நான்தான் சொன்னேன், என் அதிகாரி சொல்லச் சொன்னதை என் வார்த்தைபோலச் சொன்னேன் என்றேன். அது பிழை என்று அப்போது தெரியுமா என்று அவர் கேட்டார். தெரியும், வேலை போய்விடும் என்று பயந்தேன் என்றேன். அவர் ஒவ்வொரு சொல்லாக எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கினார்.

வெளியே நடையில் ஜெசிந்தாவைப் பிடித்தேன். ஏன் அப்பிடிச் சொன்னனீர், என்னைக் காப்பாத்தச் சொல்லி நான் கேட்டனானோ என்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன். அவளுடைய குரல் உயரவில்லை.

"அவையளுக்கு முன்னாலை உங்களைக் காட்டிக்குடுக்க எனக்கு மனம் வரேல்லை அண்ணை. அது வேறை. நீங்கள் சொல்லேக்கை உங்கடை சொல்லெண்டுதான் நாங்கள் கேட்டனாங்கள். அவன்ரை சொல்லெண்டு தெரிஞ்சிருந்தா அண்டைக்கே போய்ப் பதிஞ்சிருப்பம். இனி எங்கடை வாசலுக்கு வராதேங்கோ."

தீர்ப்பு அவளுக்குச் சாதகமாக வந்தது. என் வீட்டையும் ஓய்வூதியத்தையும் ஒருவரும் தொடவில்லை. ஜியோமெத்ராவுக்கு அலுவலகம் பிரியாவிடை விருந்து வைத்து அனுப்பியது, கேள்வி கேட்டதாக நான் அறியவில்லை. ஜெசிந்தாவுக்கு வீடு கிடைத்தது, எங்கள் புதிய கட்டடத்தில், ஐந்தாம் மாடியில்.

போன மாதம் லிப்ட் நிலமட்டத்துக்கும் முதலாம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஞானம், சக்கர நாற்காலியில். என்னிடமிருக்கும் இரும்புக் கைப்பிடியை யந்திரத்தில் பூட்டிச் சுற்றி லிப்டைக் கீழே இறக்க எனக்குத் தெரியும், ஐந்து நிமிட வேலை. கட்டடத்தில் இருக்கிற எல்லோருக்கும் அது தெரியும். ஜெசிந்தா லிப்ட் கம்பனிக்கு டெலிபோன் எடுத்தாள். அவர்கள் வர முக்கால் மணித்தியாலம் சென்றது. அவ்வளவு நேரமும் அவள் லிப்ட் கதவோடு வாயை வைத்து, பயப்படாதேங்கோ, வாறாங்கள், வாறாங்கள் என்று புருசனுக்குச் சொல்லிக்கொண்டே நின்றாள். அங்கிருந்து என் வீட்டுக் கதவு மூன்று எட்டு. மணியை அவள் அழுத்தவில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் நான் கையில் அந்த இரும்புக் கைப்பிடியோடு நின்றுகொண்டிருந்தேன்.